மூன்றாம் ராடின் இரண்டு போல்ட்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் மருமகளுக்கு மட்டும் சளி. நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "ம்" என்பாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். வெறும் "ம்" எழுதி உறையில் போட்டு அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும்.

ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்த காரை வெளியே இழுத்துவிட்டேன். அக்டோபரில் மலைப்பாதைப் பந்தயம். அதில் அது ஓடும். ஓட்டப்போவது உன் மச்சான். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, அது வேறு விஷயம்.

நாலு வருஷமாக நாம் இருவரும் வாய் திறக்காத கதையை நானே ஒருமுறை எழுதிவிடுகிறேன். அந்த வளைவில் ஐந்திலிருந்து நாலாவது கியருக்கு வர வேண்டியவர் இரண்டைப் போட்டுவிட்டார், இன்ஜின் வேகம் தாங்காமல் பிஸ்டனைப் பிடித்திருக்கும் மூன்றாம் ராட் ஒடிந்து இன்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வந்தது, வண்டி தடுப்புச் சுவரில் மோதியது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் மணிக்கட்டில் இரண்டு தகடு வைத்துக் கட்டிலில் கிடந்தபடி, "நான் நாலுதான் போட்டேன்" என்றார். பந்தயக் கிளப்பில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. இன்ஜினைக் கட்டியது நீ. உன் கை தவறாது என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி.

இப்போது பள்ளி பஸ் ஓட்டுகிறார். தினமும் காலை ஏழு பத்துக்கு நம் தெருவைத் தாண்டும். நான் சமையலறையில் நின்று சத்தத்தை வைத்துக் கியரை எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு சரி. நாலாவதை அவர் தொடுவதே இல்லை. நேர்ச்சாலையிலும் பஸ் மூன்றிலேயே முக்கிக்கொண்டு போகும். பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ஆமை. ஒரு முறை கை தவறியதற்காக ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க ஆமையாக இருக்க வேண்டுமா? எனக்குச் சம்மதமில்லை.

பழைய இரும்புக் கடையில் வேறு பிளாக் கிடைத்துவிட்டது. பம்பு கம்பெனியில் பத்து வருஷமாக அளவு பார்க்கும் வேலை செய்கிறேன், எது எத்தனை மில்லி என்று நான் சொல்வேன். எதோடு எது ஒத்துப்போகும் என்று நீதான் சொல்ல வேண்டும். பட்டியல் போட்டு அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இங்கே எல்லாம் கப்பல் இன்ஜின், ஒரு பிஸ்டன் என் தோள் உயரம் இருக்கும். அதோடு மல்லுக்கட்டியே நாள் போகிறது, அதனால்தான் தாமதம். மருமகளுக்குச் சளி விட்டதா?

பழையது எதுவும் வேண்டாம். கிராங்க், ராட், பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடு. ஒரே கம்பெனி செய்த முழு செட் ஒன்று வாங்கிவிடு. ஒத்துப்போகுமா என்ற கேள்வியே வராது. ஷெட்டில் மேல் தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதில் சில்லறைச் சாமான்கள்தான். அதையும் சேர்த்துப் போட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

சளி விட்டது, இப்போது எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றபடி சுகம்.

எடைக்குப் போடு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். அந்த ரேஸ் கிராங்க்கைப் போர்வையில் சுற்றி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நீ. தூங்குகிற குழந்தை என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அதைப் போய் எடைக்குப் போடுவேனா? வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்தாயிற்று, இல்லை. ராட் மாட்டும் பின் நாலில் மூன்றாவதில் மட்டும் கீறல். சாணை பிடிப்பவர் நாலு பின்னையும் கால் மில்லி இறக்கி, ஓரங்களின் வளைவைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். பின்னுக்கும் ராடுக்கும் நடுவே வரும் பேரிங்கை அதற்கேற்ற தடிமனில் வாங்கினால் தீர்ந்தது. ராடும் போல்ட்டும் புதிது வாங்கிவிட்டேன்.

பிஸ்டனில்தான் குழப்பம். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். இரண்டும் இந்த இன்ஜினுக்குச் சேரும் என்று பெட்டி சொல்கிறது. அளவுகோல் வேறு சொல்கிறது. ராட் கோக்கும் துளையிலிருந்து பிஸ்டன் தலை வரை ஒன்றுக்கு ஒன்றரை மில்லி அதிகம். எதை எடுக்க?

பழைய ராட் போல்ட்டுகளில் உன் மஞ்சள் கோடு இன்னும் அழியவில்லை. எந்த போல்ட்டை யார் முறுக்கினார்களோ அவர்கள் தங்கள் நிறத்தில் ஒரு கோடு போட வேண்டும், கோடு போட்டவர்தான் அதற்குப் பொறுப்பு என்று சட்டம் கொண்டுவந்தவன் நீ. எனக்கு வெள்ளை, அவருக்கு நீலம், உனக்கு மஞ்சள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மச்சான் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவே இல்லை. மறந்திருப்பாய். சுகம்தான். குளிர் நாளில் மணிக்கட்டு வலிக்கிறது என்பார்.

உன் அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

சளிக்கு மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். நான் நலம்.

உயரம் குறைந்த பிஸ்டனை எடு. மற்றது சின்ன வால்வு உள்ள இன்ஜின் மேல்மூடிக்கு, சாதா ஹெட்டுக்குச் செய்தது. நம் ஹெட்டில் போட்டால் வால்வு வந்து தலையில் குட்டிவிடும். குறைந்ததைப் போட்டாலும் நம்பிவிடாதே. பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்று. பிறகு கழற்றி, வால்வு அமுக்கிய இடத்தில் களிமண்ணின் கனத்தை அளந்து எழுது. ஒன்றரை மில்லிக்குக் கீழே போகக் கூடாது.

பேரிங் மட்டும் நீ வாங்க வேண்டாம். நான் அனுப்புகிறேன். கால் மில்லி என்றுதானே சொன்னாய்? கடைக்காரர் பெட்டியைப் பார்த்துத்தான் கொடுப்பார், கிராங்க்கைப் பார்த்துக் கொடுக்க மாட்டார்.

இன்னொன்று. கையால் சுற்றும்போது எங்காவது இறுகினால், துளி இறுகினாலும், நிறுத்திவிடு. புது இன்ஜின் அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. உன் மனசு சொன்னாலும் கேட்காதே.

மணிக்கட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

தம்பி

*

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரையைப் பாதியில்தான் நிறுத்தினேன், ஆனாலும் பிழைத்துக்கொண்டேன். நீ நலம் என்று எழுதியதை நம்புகிறேன்.

களிமண் வேலை முடிந்தது. உன் மருமகள் பள்ளிக்குச் செய்துவைத்திருந்த யானைக்கு முன்கால் இரண்டும் போயின. அவள் என்னோடு இன்னும் பேசவில்லை. வால்வு அமுக்கிய இடத்தில் ஒன்று புள்ளி ஆறு மில்லி. தப்பித்தோம்.

பேரிங் விஷயத்தில் கோபித்துக்கொள்ளாதே. உன் பார்சலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அலமாரிக் கதவின் உட்புறம் போன தடவை இன்ஜின் கட்டும்போது நீ ஒட்டிய பட்டியல் இருக்கிறது. பேரிங் எண் உன் கையெழுத்திலேயே இருக்கிறது. அதே எண்ணில் கால் மில்லி தடிமன் கேட்டு வாங்கிப் போட்டேன்.

இப்போது முக்கியமான செய்தி. நான் கிராங்க்கைச் சுற்றிக்கொண்டிருந்தபோது உன் மச்சான் வந்து வாசலில் நின்றார். நாலு வருஷத்தில் முதல் தடவை. நான் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கை மாத்தட்டுமா?" என்றார். ஸ்பேனரைக் கொடுத்தேன். ஒரு சுற்று சுற்றினார். இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டார்.

"எங்கேயோ லேசா பிடிக்குது" என்றார்.

நான் வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "புது பேரிங், அப்படித்தான் இருக்கும்" என்று வாய் வரை வந்தது. உன் கடிதம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அதற்குள் அவரே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"என் கையை நம்பாதே. ரெண்டு போட்ட கைதானே இது" என்றார்.

"நாலுதான் போட்டேன்னு சொல்லுவீங்களே" என்றேன்.

"சொன்னேன். நாலு வருஷமா எல்லாரும் ரெண்டுன்னே சொன்னா, ரெண்டாத்தான் இருக்கும்னு தோணுது. யோசிச்சுப் பார்த்தா ரெண்டு போட்ட மாதிரியே ஞாபகம் வருது."

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அக்டோபரில் இந்த மனிதரை அந்த சீட்டில் உட்கார வைக்காமல் நான் ஓயப்போவதில்லை. எங்கே பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று எழுது.

உன் அக்கா

*

ஏப்ரல் 25

அக்கா,

அந்த பேரிங்கைக் கழற்றிவிடு. கிராங்க்கை இனி ஒரு சுற்றுகூடச் சுற்றாதே. வேறு பேரிங் இன்றைக்கே பார்சலில் அனுப்பிவிட்டேன், அதை மட்டும் போடு. மச்சான் கை சொன்னது சரி. காரணம் பிறகு எழுதுகிறேன்.

தம்பி

*

மே 6

தம்பிக்கு,

மாதக் கணக்கில் காக்கவைப்பவன் ஒரே வாரத்தில் பதில் போட்டால் எனக்குச் சந்தேகம் வராதா? அந்தக் காரணத்தை நீ பிறகு எழுத வேண்டாம், நானே பார்த்துவிட்டேன்.

உன் பார்சலில் வந்த பேரிங்கையும் நான் வாங்கியதையும் கம்பெனிக்கு எடுத்துப்போய் லென்ஸுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உள்விட்டம் ஒன்று, தடிமன் ஒன்று. ஓரம் மட்டும் வேறு. உன்னுடையதில் ஓரத்தைச் சாய்த்துச் சீவியிருக்கிறார்கள். பிறகு கிராங்க்கின் பின்னைப் பார்த்தேன். சாதாரண கிராங்க்கில் பின்னும் பக்கச்சுவரும் சேரும் மூலை சின்ன வளைவாக இருக்கும். இந்த ரேஸ் கிராங்க்கில் பலத்துக்காக அந்த வளைவைப் பெரிதாக விட்டிருக்கிறார்கள். சாதாரண பேரிங்கைப் போட்டால் ஓரம் அந்த வளைவின் மேல் ஏறி உட்காரும். எண்ணெய்க்கு இடம் இருக்காது. உன் மச்சான் கைக்குத் தட்டுப்பட்டது அதுதான்.

அப்புறம் நீ எடைக்குப் போடச் சொன்ன பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அன்றைக்கு ஓடிய பேரிங்குகள். துணியில் சுற்றி, ஒவ்வொன்றின் முதுகிலும் உன் வழக்கப்படி எண் எழுதி வைத்திருக்கிறாய். மூன்றாவது ஜோடி உருகிப் போயிருக்கிறது. மற்ற ஆறிலும் ஒரே ஓரத்தில் உரசிப் பளபளவென்று ஒரு கோடு. ஆறிலும், தம்பி. பழைய பிஸ்டன்களையும் பார்த்தேன். இரண்டாவது கியர் விழுந்து இன்ஜின் தறிகெட்டுச் சுற்றியிருந்தால் வால்வு தட்டிய வடு இருக்க வேண்டும். உடையாத மூன்றிலும் ஒரு வடுகூட இல்லை.

அவர் நாலுதான் போட்டார்.

மனைவி என்று பக்கத்தில் இருந்துகொண்டு நான் இத்தனை வருஷம் அவரை நம்பவில்லை. அளவு பார்ப்பதுதான் என் தொழில், அந்த டப்பாவைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த வெட்கம் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் ஒரே கேள்வி. உனக்கு எப்போது தெரியும்?

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை.

அக்கா

*

ஜூலை 12

தம்பிக்கு,

இரண்டு மாதம் ஆகிறது. நீ உயிரோடு நலமாக இருக்கிறாய் என்று உன் பட்டறைக்குப் போன் செய்து தெரிந்துகொண்டேன். இங்கே எல்லோரும் நலம்.

உன் பதிலுக்காக இன்ஜின் காத்திருக்கவில்லை. நீ அனுப்பிய பேரிங்கோடு கிராங்க்கை உட்கார வைத்தாயிற்று. ஒரு விரலால் தள்ளினால் சுற்றுகிறது. ராடுகளை இறுதியாக முறுக்குவதுதான் பாக்கி.

உன் மச்சானிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மூன்று தடவை வாயெடுத்தேன். நான் சொன்னால், இத்தனை நாள் நம்பாதவள் பந்தயத்துக்கு இழுப்பதற்காக ஏதோ தேன் தடவுகிறாள் என்று நினைப்பார். அதைவிட, இது உன் வாயிலிருந்து அவருக்கு வர வேண்டியது. அவரை மச்சான் மச்சான் என்று சுற்றி வந்தவன் நீ. கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அவரைக் காட்டியவன் நீதான்.

ஆகஸ்ட் பத்து வரை பொறுப்பேன். அதற்குள் நீ எழுதாவிட்டால் டப்பாவை அவர் முன்னால் திறந்து வைத்துவிடுவேன். அப்போது அவர் உன்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நான் குறுக்கே வர மாட்டேன்.

உன்மேல் கோபம்தான். உன்னை விட்டுவிடவில்லை. சாப்பிடு.

அக்கா

*

ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலம் என்பது போதும். எப்போது தெரியும் என்று கேட்டதற்குப் பதில்: விபத்துக்கு ஏழாம் நாள்.

இதோடு மச்சானுக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். எட்டுத் தடவை எழுதிக் கிழித்தது. அவரிடமே கொடுத்துவிடு. அவர் காட்டினால் படி.

தம்பி

*

ஆகஸ்ட் 3

மச்சானுக்கு,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன். மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

நீங்கள் அன்றைக்கு நாலுதான் போட்டீர்கள். தப்பு என்னுடையது. ரேஸ் கிராங்க் வாங்கிய பிறகு பேரிங்கை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. விட்டம் ஒன்றாக இருந்ததால் பழைய பட்டியலில் இருந்த எண்ணையே வாங்கிப் போட்டேன். பந்தயத்துக்கு முதல் நாள் கையால் சுற்றும்போது லேசாக இறுகியது. எனக்குத் தெரிந்தது, மச்சான். கழற்றினால் மறுநாள் வண்டி கிளம்பாது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மஞ்சள் கோட்டைப் போட்டேன்.

ஏழாம் நாள் இன்ஜினைப் பிரித்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உங்களிடம் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலில் கிளப் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு போட்டுட்டாராமே?" என்றார். நான் "ஆமா" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பயம்தான். அந்த ஆமாவை அவர் ஊர் முழுக்கக் கொண்டுபோனார். நான் மாடி ஏறாமல் அப்படியே திரும்பிவிட்டேன். அடுத்த மாதமே இந்த வேலைக்கு வந்துவிட்டேன்.

அந்த பேரிங்குகளைத் தூக்கி எறிய நினைத்தேன். முடியவில்லை, எண் எழுதி வைத்துவிட்டேன்.

செயலாளருக்கும் இதே விவரத்தை எழுதி இன்றைக்கே தபாலில் போட்டிருக்கிறேன். மன்னிப்பு கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று இல்லை.

உங்கள் மாப்ளே

*

ஆகஸ்ட் 24

மாப்ளே,

இங்கே சுகம். மணிக்கட்டும் சுகம். அது மழைக்கு மட்டும்தான் வலிக்கும், உன் அக்கா குளிருக்கு என்று எழுதியிருப்பாள்.

உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. ஏன் உடனே எழுதவில்லை என்றால், கோபம். முதலில் உன்மேல். நீ பேரிங்கைத் தப்பாகப் போட்டதற்கு இல்லை, அது யாருக்கும் வரும். மாடி ஏறாமல் திரும்பினாயே, அதற்கு. பிறகு உன் அக்காமேல். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளே வந்து, "திட்டறதுன்னா திட்டுங்க. ஆனா திட்டிக்கிட்டே பிளாக்கோட அந்தப் பக்கத்தைப் பிடிங்க, கனமா இருக்கு" என்றாள். பிடித்தேன். திட்டவும் செய்தேன். அவள் அழுதாள், ஆனால் பிளாக்கை விடவில்லை. உனக்குத்தான் அவளைத் தெரியுமே.

கடைசியில் கோபம் என்மேல் வந்து நின்றது. என் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். ஊர் சொல்லச் சொல்ல அதை நானே கைவிட்டுவிட்டேன். அதற்கு உன்னைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

கோபம் முழுதும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நேரில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வரும், வாங்கிக்கொள்ள வேண்டும்.

பந்தயப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல், இரண்டாம், நாலாம் ராடுகளை உன் அக்கா முறுக்கி வெள்ளைக் கோடு போட்டுவிட்டாள். மூன்றாவதில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் இரண்டு போல்ட்டும் கையிறுக்கத்தில் நிற்கின்றன. மஞ்சள் பெயின்ட் வாங்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன். செப்டம்பர் பத்துக்குள் வந்து முறுக்கிவிட்டுக் கோடு போடு. அதுவரை நான் சாவியைத் தொட மாட்டேன். வேறு யார் கோடு போட்டாலும் அந்த வண்டியில் நான் உட்கார மாட்டேன்.

மச்சான்

தம்பி, இது அக்கா. ஓரத்தில் இடம் இருந்ததால் எழுதுகிறேன். லீவு கேட்டுக்கொள், ரயிலுக்கு டிக்கெட் போட்டுக்கொள். உன் மருமகள் யானைக்குப் புதுக் கால் ஒட்டிவிட்டாள், உனக்குக் காட்ட வேண்டுமாம்.

இன்று காலை ஏழு பத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு நின்று எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் நாலு.